நாலரை விரல்

ஐந்து இடங்களையும் கண்டுபிடிக்க ஃபுர்கானுக்கு ஒரே நாள்தான் ஆனது. அதிலும் பாதி நாள் டயர் பஞ்சர்.

மலைவாசன் என்றொரு எழுத்தாளர். ஐந்து நாவல்கள் எழுதியிருந்தார். ஐந்தும் ஜவ்வாது மலையில் நடக்கிற கதைகள். புத்தகத்தின் பின்னட்டையில் படம் கிடையாது, உள்ளே முகவரி கிடையாது. கடைசி நாவல் வந்து பதினைந்து வருடம் ஆகிறது. ஆள் யாரென்று தெரிந்த ஒரே மனிதர் பதிப்பாளர். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார். வாசகர்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தார்கள். ஜமுனாமரத்தூர் பஸ்ஸில் இறங்கி, டீக்கடையில் புத்தகத்தைப் பிரித்துக் காட்டி, "வெண்ணிலா வீடு எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள். கேட்டு வந்தவனிடம் சரக்கு இல்லை என்று சொல்லுகிற வழக்கம் ஃபுர்கானின் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக இல்லை. எனவே ஐந்து இடம் தயாரானது. கையில் கொடுக்க நோட்டீஸும் அச்சாயிற்று.

முதலாவது, காவலூர் தாண்டி ஒரு வளைவு: ஓடிப்போகிறவன் பஸ்ஸுக்கு நின்ற இடம். இரண்டாவது, ஒரு டீக்கடை. கடைக்கு வயது ஆறு. ஆனால் கெட்டில் பழசு, அதைத்தான் காட்டுவான். மூன்றாவது, நாவல் நாயகி வெண்ணிலாவின் வீடு. நான்காவது, மலைவாசன் உட்கார்ந்து எழுதிய புளியமரத்தடிப் பாறை. ஐந்தாவதுதான் ஃபுர்கானுக்கே ரொம்பப் பிடித்தது: மலைவாசன் சமாதி. கல்லை அவனே பொறுக்கி அடுக்கியிருந்தான். 'மௌனம் காக்கவும்' என்று நோட்டீஸில் அடிக்குறிப்பு. வருகிறவர்கள் அங்கே பேனா வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் அழுதார்கள்.

இந்தத் தொழிலுக்கு முன்னால் பதினோரு வருடம் வாணியம்பாடியில் மச்சான் அமீனுல்லாவின் தோல் மண்டியில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். மச்சான் இருமினால் எழுந்து நிற்க வேண்டும்; மச்சானுக்கு நிரந்தரமாக இருமல். இரண்டு வருடத்துக்கு முன் பழைய ஜீப் ஒன்று வாங்கிக்கொண்டு வெளியேறியபோது மச்சான் கோபப்படவே இல்லை. "போய்ட்டு வா. ஸ்டூல அப்படியே வெச்சிருக்கேன்" என்றார். அந்த ஸ்டூல் இன்னும் அங்கேயே இருக்கிறது என்று போன வாரம்கூட அக்கா ஜோஹரா போனில் சொன்னாள்.

ஆகவே அந்த மாசிமாதக் காலை ஃபுர்கானுக்குச் சாதாரணக் காலை அல்ல. வேலூரில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்தும் வெற்றிச்செல்வன் ஜீப்பில் ஏறியிருந்தார். பெரிய வாசகர் வட்டம் ஒன்றின் தலைவர். 'மலைவாசனின் நிலம்' என்று புத்தகமும் எழுதிக்கொண்டிருந்தார். இன்று பார்த்துத் திருப்தியானால் அடுத்த மாதம் நாற்பது பேரோடு வருவார், ஐந்து இடமும் புத்தகத்தில் ஏறிவிடும். திருப்தி இல்லையென்றால் அதுவும் புத்தகத்தில் ஏறும். அப்புறம் ஸ்டூல்தான்.

பின் சீட்டில் சாரின் வட்டத்து ஆட்கள் மூன்று பேர், அவர்களோடு ஆனந்தி என்று ஒரு பேங்க் ஊழியர். ஆனந்தி சமாதிக்கென்று சாமந்திப் பூ வாங்கி ஈரத்துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள். கடைசியாக ஏறியது சுந்தரம்மாள். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். கையில் பாதி எலுமிச்சம்பழம்.

"எனக்கு மலை ரோடு ஒத்துக்காது தம்பி. ஜன்னல் ஓரம் குடுத்துடுங்க" என்றார். முன்னால் ஜன்னல் ஓரம் அவருக்குப் போனது. வெற்றிச்செல்வன் நடுவில் மாட்டிக்கொண்டார். கியர் போடும்போதெல்லாம் அவர் முழங்காலைத் தூக்க வேண்டியிருந்தது. அதற்காகப் பேச்சு நிற்கவில்லை.

"மலைவாசனோட அஞ்சு நாவல்லயும் ஒரு மூஞ்சியாவது வர்ணிச்சிருக்காரா, கவனிச்சீங்களா?" என்றார் பின்பக்கம் திரும்பி. "இருக்காது. எல்லாரும் குரல்தான். கட்டைக் குரல், இழுவைக் குரல், மூக்கால பேசற குரல். இதுல ஒரு பெரிய தத்துவம் இருக்கு."

"ஒருவேள அந்தாளுக்கு யார் மூஞ்சியும் தெரியாதோ என்னமோ" என்றார் சுந்தரம்மாள் எலுமிச்சையை முகர்ந்தபடி.

வெற்றிச்செல்வன் பரிவோடு சிரித்தார். "நீங்க நாவலெல்லாம் படிச்சிருக்கீங்களாம்மா?"

"ஒருவாட்டி படிச்சேன். அச்சாவறதுக்கு முந்தி, இல்ல, அச்சான புதுசுல."

"ஒருவாட்டி போதாது. நான் பதினாலு வாட்டி படிச்சிருக்கேன்." அங்கிருந்து சார் தத்துவத்துக்குள் இறங்கினார். ஆலங்காயம் போயிற்று, காடு வந்தது, தத்துவம் முடியவில்லை. பின்சீட்டில் ஒருவர் தூங்கிவிட்டார்.

சுந்தரம்மாள் ஜன்னலைப் பார்த்தபடியே, குரலில் ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார்: "மூணு நிமிஷம் ஆச்சு சார். நீட்டிக்கணுமா?"

ஆனந்தி களுக்கென்று சிரித்தாள். ஃபுர்கானின் கால் தானாகப் பிரேக்கில் போய் விழுந்தது.

அந்தக் குரல். அடிவாரத்தில் வாப்பாவின் புளி மண்டியில் ஒரு கறுப்பு போன் இருந்தது. எக்ஸ்சேஞ்சில் சொல்லிவைத்துக் காத்திருந்து பேசுகிற காலம். மலைமேல் இருக்கிற தரகர்களோடு வாப்பா தொண்டை கிழியப் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டரின் பெண் குரல் இப்படியேதான் நுழையும்: மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டிக்கணுமா? வாப்பா, "நீட்டும்மா, நீட்டு. உன் கைய்யில சரக்கா குறையுது?" என்பார். புளி, கடுக்காய், சண்டை, சமாதானம், யார் வீட்டுப் பெண் யாரோடு போனாள் என்பது வரை மலையின் சேதி பூராவும் அந்தம்மாவின் காது வழியாகத்தான் கீழே இறங்கியது.

ஃபுர்கானுக்கு இன்னொன்றும் ஞாபகம் வந்தது. இரண்டாவது நாவலில் ஒரு வியாபாரி, "புளியில நான் தண்ணி தெளிக்கல, அதுவா வேர்க்குது" என்பான். படித்த அன்று, வாப்பா மாதிரியே ஒரு கேடி இந்த உலகத்தில் இருந்திருக்கிறான் என்று ஃபுர்கான் வியந்திருந்தான். மாதிரி இல்லை. வாப்பாவேதான்.

முகமில்லாத ஐந்து நாவல். காதோடு மட்டும் மலையேறின எழுத்தாளர். அவர் இப்போது ஜன்னல் ஓரத்தில், மடியில் நோட்டீஸை விரித்து வைத்துக்கொண்டு, ஐந்தாவது வரியை விரலால் தடவிக்கொண்டிருந்தார். தன் சமாதியைப் பார்க்க டிக்கெட் வாங்கி வந்திருக்கிறார்.

காவலூர் வளைவில் சார் நின்று பார்த்துத் தலையசைத்தார். கெட்டிலைத் தொட்டுப் பார்த்தார். இரண்டு இடமும் தேறின. சுந்தரம்மாள் இரண்டு இடத்திலும் ஒரு வார்த்தை பேசவில்லை. பேரம் தெரிந்தவர்கள் முதல் இரண்டு சரக்கைப் பார்க்கும்போது பேச மாட்டார்கள்.

மூன்றாவது இடத்தில் மாதம்மாள் முற்றத்தில் புளி ஓடு உடைத்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயது, மலையிலேயே பிறந்தவள். சாமையும் புளியும் அவள் வெள்ளாமை. வருகிறவர்கள் முன் நிஜ வெண்ணிலாவாக இருப்பது அதற்கு மேல் ஒரு ஊடுபயிர். ஜீப்பைப் பார்த்ததும் ஃபுர்கானை வேலியோரம் இழுத்தாள்.

"இன்னா பாய், இன்னிக்கி நான் அழுவணுமா, வாணாமா?"

"கொஞ்சமா அழுவுக்கா. வாத்தியார் வந்துகீறாரு. போனவாட்டி ஜாஸ்தியாய்டுச்சி."

"போனவாட்டி மொளகா இடிச்ச கைய்யால கண்ண தொடச்சிட்டேன். நானா அழுவல."

வெற்றிச்செல்வன் வீட்டைச் சுற்றிக் கண்ணை ஓட்டினார். "நாவல்ல வெண்ணிலா வீட்டுக்குப் பின்னாடி ஒரு கிணறு வரும். அதுலதான் அவ வளையலைப் போடுவா. அது எங்க?"

கிணறு இல்லை. பின்னால் இருந்தது மாதம்மாளின் மகன் போட்ட சோலார் பேனலும் டிஷ் ஆன்டெனாவும்தான். சார் அந்தப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டார்.

"அந்தப் பக்கம் போவாதீங்க சார்" என்றார் சுந்தரம்மாள். "நான் இப்பத்தான் அங்க வாந்தி எடுத்துட்டு வர்றேன்."

சார் சட்டென்று நின்று, கைக்குட்டையை மூக்கில் வைத்துத் திரும்பினார். சுந்தரம்மாள் ஜீப்பை விட்டு இறங்கி நாலடிகூட நடந்திருக்கவில்லை. ஃபுர்கான் அவரைப் பார்த்தான். அவர் எலுமிச்சையைத் திருப்பி வேறு பக்கம் முகர்ந்தார்.

ஒரு சரக்கைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார். சும்மா கொடுத்திருக்க மாட்டார்.

புளியமரத்தடிப் பாறை அங்கிருந்து கூப்பிடு தூரம். மாதம்மாளும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூடவே வந்தாள். கூட்டம் உட்கார்ந்ததும் சாமை விற்பது அவள் வழக்கம். அந்தப் பாறைதான் வாசகர்களுக்கு உச்சம். நான்காவது நாவலில் புளி வாங்க வருகிறவன் அங்கேதான் வெண்ணிலாவின் கையைத் துண்டுக்கடியில் பிடிக்கிறான்.

வெற்றிச்செல்வன் கனைத்துக்கொண்டு மனப்பாடமாகச் சொன்னார். நாவல்படி அவன் அவளுடைய இடது கையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டு, ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்விட்டு எண்ணி, ஐந்தில் நிறுத்துகிறான். சொல்லும்போதே சாரின் குரல் தழுதழுத்தது. ஆனந்தி தன் இடது கையைத் தானே பிடித்துக்கொண்டாள்.

மாதம்மாள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இன்னா சிரிப்பு?" என்றார் சார்.

"பின்ன இன்னா சார். வாயால சொல்றதுக்கு துண்டு எதுக்கு? துண்டு போடறதே பக்கத்துல நிக்கறவனுக்கு வெல தெரியக் கூடாதுன்னுதான். எத்தன வெரல் புடிக்கிறானோ அத்தன நூறு. பாதி வெரல்ல அமுக்குனா அம்பது. வாய் மழயப் பத்தி பேசிக்கினு இருக்கும். அதுவும் எடது கைய்யா? எடது கைய்ய நீட்டுனா யாவாரி மூஞ்சில துப்பிட்டு போய்டுவான்."

வெற்றிச்செல்வன் மெதுவாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படீன்னா மலைவாசன் ஒரு துண்டு பேரத்தைக்கூட கண்ணால பார்த்ததில்லைன்னு ஆகுது. பார்த்தவர் இப்படி எழுத மாட்டார். அப்ப அவர் இந்தப் பாறையில உட்கார்ந்துதான் எழுதினார்னு நீங்க சொல்றது என்ன கணக்கு பாய்? ஒண்ணு அவர் மலைக்கே வராதவர். இல்லைன்னா நீங்க புளுகறீங்க. இரண்டுல எது?"

இரண்டும்தான். ஃபுர்கானுக்குக் கண்ணெதிரே ஸ்டூல் தெரிந்தது. அதன் ஒரு கால் ஆடுவதுகூடத் தெரிந்தது. திரும்பினால் சுந்தரம்மாளின் முகமும் வெளுத்திருந்தது. மலைவாசன் என்ற பெயருக்கு மலையே இல்லை என்று வெற்றிச்செல்வன் எழுதிவிட்டால் ஐந்து நாவலும் ஒரே நாளில் படுத்துவிடும். போன் வழியாக அந்தம்மாவுக்கு எல்லாம் கேட்டிருக்கிறது. துண்டுக்கடியில் நடப்பது மட்டும்தான் கேட்டிருக்காது. யாரும் வாயால் சொல்லாத விஷயம் அது ஒன்றுதான்.

எதிராளிக்கும் பயம் இருக்கிறது என்று தெரிந்ததும் ஃபுர்கானுக்கு மூச்சு சீராயிற்று. மண்டியில் வளர்ந்த பிள்ளை.

"சார், இத வாயால சொல்ல முடியாது. கைய்யால காட்டணும்" என்றான். மாதம்மாளின் தோளிலிருந்து துண்டை எடுத்தான். "அம்மா, நீங்க எங்கம்மா மாதிரி. வலது கைய்ய குடுங்க."

சுந்தரம்மாள் தயங்கிக் கையை நீட்டினார். துண்டு விழுந்தது. அவன் சற்றுக் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி, "மூணு நிமிஷம் போதுங்களாம்மா, நீட்டிக்கணுமா?" என்றான்.

துண்டுக்கடியில் கை விறைத்தது. பிறகு மெல்ல இளகியது. அந்தம்மாவின் உதட்டோரத்தில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனது.

"உதாரணத்துக்கு" என்றான் ஃபுர்கான் எல்லோருக்கும் கேட்கும்படி, "சரக்குன்னா நம்ம அஞ்சு எடந்தான்னு வெச்சிக்குங்க. எத்தன எடத்துக்கு அம்மா ஒத்துக்கறாங்கன்னு பேசுறோம்."

"நல்ல உதாரணம்" என்றார் வெற்றிச்செல்வன். பின்சீட்டில் தூங்கியவர்கூட எழுந்து வந்து நின்றார்.

ஃபுர்கான் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தான். சுந்தரம்மாள் கையை உருவிக்கொண்டு அவன் கையைத் திருப்பி ஒரே ஒரு விரலைப் பிடித்தார்.

"இந்த வருஷம் மழ கம்மிதாம்மா" என்றான் அவன், வலித்தவனைப் போல.

"பெய்யற எடத்துல பெய்யுது தம்பி."

அவன் மறுபடி ஐந்தைப் பிடித்தான். அவர் இரண்டு பிடித்தார். அவன் அசையவில்லை. அவர் மூன்று பிடித்தார். சற்று யோசித்து நான்கு. கட்டை விரலை மட்டும் பிடிக்கவே இல்லை. பிடிக்காததோடு, அதைத் தள்ளியும் விட்டார். புதிதாகக் கற்றுக்கொண்ட ஆள் இப்படிப் பேரம் பேசி ஃபுர்கான் பார்த்ததில்லை. எது அந்தக் கட்டை விரல் என்று அவனுக்கு விளங்கிவிட்டது. நான்கு பொய்க்குச் சம்மதம். சமாதிக்கு இல்லை.

"செத்ததுக்குத்தாம்மா இப்ப மவுசு ஜாஸ்தி" என்றான். "பயிரச் சொல்றேன்."

"செத்துதுன்னு நெனச்ச பயிர் பொழச்சா அதுக்கு இன்னும் ஜாஸ்தி" என்றார் சுந்தரம்மாள்.

அதில் ஒரு நியாயம் இருந்தது. வியாபாரியாக அவனால் அதை மறுக்க முடியவில்லை. கட்டை விரலைப் பாதி மடக்கி நீட்டினான். அவர் கொஞ்ச நேரம் மரத்தைப் பார்த்தார். பிறகு பாதிக் கணுவில், நகம் பதிய, ஒரு அழுத்து அழுத்தினார்.

நாலரை. துண்டு விலகியது.

"இதான் யாவாரம் சார்" என்றான் ஃபுர்கான். "வலது கை, வாய்ல மழ. இது மலையில அஞ்சு வயசு புள்ளைக்கும் தெரியும். மலைவாசனுக்குத் தெரியாதா? அவன் புளி வாங்க வரல சார். வெண்ணிலாவ கேக்க வந்தவன். வலது கைய்யில கேட்டா அது வெல. அதான் எடது கை. வாய்வுட்டு எண்றது சுத்தி நிக்கற அத்தன பேரும் கேக்கணும்னுதான். ஒளிக்கற துண்ட போட்டுக்கினு ஒளிக்காம கேக்கறான். மொறைய தெரிஞ்சவந்தான் சார் அத இப்படி ஒடைக்க முடியும்."

வெற்றிச்செல்வன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பாக்கெட்டில் பேனாவைத் தேடினார். "கொஞ்சம் மெதுவா சொல்லுங்க பாய்" என்றார். எழுதிக்கொண்டே, "பதினாலு வாட்டி படிச்சும் பிடிபடல" என்று முனகினார்.

"எனக்கே இப்பத்தான் பிடிபடுது" என்றார் சுந்தரம்மாள்.

சமாதிக்கு நடந்து போகும் தூரத்துக்குள் அந்த அரை விரலுக்கு என்ன அர்த்தம் என்று ஃபுர்கான் முடிவு செய்ய வேண்டியிருந்தது. கல் இருக்கலாம், ஆள் சாகக் கூடாது. அங்கே போனதும் ஆனந்தி ஈரத்துணியைப் பிரித்துப் பூவை எடுத்தாள். கண் அதற்குள் கலங்கியிருந்தது.

"பூவ வெக்காதம்மா" என்றான் ஃபுர்கான். "அவரு கடைசியா மலைய விட்டு எறங்கனது இந்த எடந்தான். திரும்பி வர்றதுக்கு அடையாளமா கல்லு இருக்குது. ஆளு உயிரோடதான் கீறாரு."

ஆனந்தி பூவை மறுபடி ஈரத்துணியில் சுற்றினாள்.

"நோட்டீஸ்ல சமாதின்னு போட்டிருக்கீங்களே" என்றார் வெற்றிச்செல்வன்.

"நோட்டீஸ் பழசு சார். சேதி இன்னிக்கித்தான் வந்துச்சி."

"யார் சொன்னது?"

"எக்ஸ்சேஞ்ச்ல வேல பாத்த ஒரு அம்மா. இந்த மலையில அவங்க காதுக்கு வராத சேதி கெடையாது."

வெற்றிச்செல்வன் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டார். அவருடைய புத்தகத்தில் கடைசி அத்தியாயம் முப்பத்திரண்டு பக்கம், தலைப்பு 'மரணம்'. அதை என்ன செய்வதென்று கொஞ்ச நேரம் யோசித்திருக்க வேண்டும். எழுந்தபோது முகம் பத்து வயது குறைந்திருந்தது.

"உயிரோட இருக்கறவர் எப்ப வேணா வந்துடலாம் இல்லையா?" என்றார். "நாற்பது பேர் பத்தாது பாய். அறுபது பேரா வர்றேன். ஒரே ஒரு நிபந்தனை. அவர் வந்தா முதல்ல எனக்குத்தான் சொல்லணும்."

"சொல்றது இன்னா சார். உங்க பக்கத்துலயே உக்கார வெக்கிறேன்."

சுந்தரம்மாளுக்கு இருமல் வந்தது. எலுமிச்சையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

மற்றவர்கள் அடையாளக் கல்லோடு படம் எடுத்துக்கொள்ளப் போனார்கள். ஃபுர்கான் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஜீப்புக்கு நடந்தான். போன் எடுத்து அக்கா ஜோஹராவிடம், அந்த ஸ்டூலை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்லலாமா என்று நினைத்தபோது, கதவில் சாய்ந்து மாதம்மாள் நின்றாள். சாமைப் பை அப்படியே இருந்தது, விற்கவில்லை.

"நாலரைக்கி முடிச்சிட்டீங்க" என்றாள்.

"இன்னாக்கா?"

"அந்தம்மா ஒண்ணுல ஆரம்பிச்சாங்க. அப்பால ரெண்டு, மூணு, நாலு. கட்ட வெரல்ல பாதி. துண்டுக்கு அடியில கை தெரியாது பாய், முழங்கை தெரியும். முப்பது வருஷமா புளி விக்கிறேன், முழங்கைய பாத்து வெல சொல்ல தெரியாதா எனக்கு? அந்தம்மா யாரு, அந்த பாதி இன்னான்னு நான் கேக்கல. கல்லுகிட்ட நீ சொன்னதையும் கேட்டுக்கினுதான் இருந்தேன்." மாதம்மாள் துண்டை உதறினாள். "ஆனா நான் அழுவுறதுக்கும் சிரிக்கறதுக்கும் இன்னும் பேசி முடிக்கல இல்ல?"

தன் வலது கையின்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு நீட்டினாள்.

ஃபுர்கான் திரும்பிப் பார்த்தான். கல்லுக்குப் பக்கத்தில் சுந்தரம்மாள் படத்துக்கு நிற்காமல், ஒரு காதை இந்தப் பக்கமாகச் சாய்த்து நின்றிருந்தார். வேறு வழியில்லை. கையைத் துண்டுக்கடியில் விட்டான். மாதம்மாள் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தாள், விடவில்லை.

"இந்த வருஷம் நல்ல மழ, இல்ல பாய்?" என்றாள்.

வானத்தில் ஒரு துண்டு மேகம் கிடையாது.

"நல்ல மழக்கா" என்றான் ஃபுர்கான்.